கொல்லைப்புறத் தொலைநோக்கியும் டெல்டாவின் ஈரக் காற்றும்

மன்னார்குடிக்குத் தென்கிழக்கே, பேருந்து நாளைக்கு நான்கு முறை மட்டும் வந்துபோகும் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை வயல். இப்படி ஓர் இடத்தில் குடியிருப்பவனுக்கு வானம் பார்க்க வேறு என்ன குறை இருக்க முடியும் என்ற எண்ணத்தில்தான் 2024 செப்டம்பரில் 41,500 ரூபாய் கொடுத்து ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அடுத்த எட்டு மாதங்களில் மனம் நிறையப் பார்த்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் அறியாமையால் வீணானது மட்டும் 13,300 ரூபாய். வீணான இரவுகளுக்குக் கணக்கில்லை. இருட்டு இருந்தால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். ஆற்றுப் பாசனமும் கடல் காற்றும் சேர்ந்து ஈரமாக்கி வைத்திருக்கும் இந்த மண்ணில், இருட்டைவிட ஈரம்தான் பெரிய அதிகாரி என்பதை ஒவ்வொரு பொருளாகக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையைக் கடந்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். செய்தி கேட்டு ஊருக்கு வந்தவன், விழுந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்துவதற்காக டிசம்பர் முதல் வாரம் வரை தங்கிவிட்டேன். உட்கிராமங்களுக்கு அப்போதும் மின்சாரம் திரும்பவில்லை. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் திண்ணையிலிருந்து எழுந்து கொல்லைப்பக்கம் போனபோது, கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு விண்மீன்களை எண்ணிவிட்டு ஏழாவதையும் சந்தேகமாகப் பார்த்தேன். வடக்கே வானத்தை ஒரு மங்கலான பட்டை கடந்து போனதைப் புகை என்று நினைத்து, அது நகராமல் இருந்ததால்தான் பால்வழி மண்டலம் என்று புரிந்துகொண்டேன். அந்தக் காட்சி மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அப்பாவின் உடல்நிலை காரணமாக 2024இல் ஊரோடு வந்துவிட்டபோது, அதே வானம் எனக்காகக் காத்திருப்பதாக நினைத்தேன். மின்விளக்கு இல்லாத அந்த வாரங்கள் ஒரு விதிவிலக்கு என்பதையும், வெறும் கண்ணில் பனி படியாது, கண்ணாடியில்தான் படியும் என்பதையும் அன்று யோசிக்கவில்லை.

வாங்கியது 150 மில்லிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி. அதோடு வானத்தின் சுழற்சிக்கு ஏற்பத் திரும்பும் ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கியும், அதைத் தானாகச் சுழற்றும் மோட்டாரும் சேர்த்துக்கொண்டேன். மோட்டாருக்குத் தனியாக 6,500 ரூபாய். இந்தத் தாங்கி ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் அதன் அச்சை துருவ விண்மீனை நோக்கி நிறுத்த வேண்டும். துருவ விண்மீன் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. எங்கள் ஊருக்கு அது ஏறத்தாழ பத்தரைப் பாகை, அதாவது கையை நீட்டி மடக்கிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே. அந்த உயரத்தில் எங்களுக்கு வடக்கே இருப்பது தென்னந்தோப்பு. தோப்பு இல்லாவிட்டாலும், தலைக்கு மேலே பார்ப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட காற்றையும் அதிலுள்ள ஈரத்தையும் ஊடுருவித்தான் அந்த ஒளி வர வேண்டும். பிரகாசத்தில் இரண்டாம் தரத்திலுள்ள ஒரு விண்மீன் அங்கே இருக்கிறதா இல்லையா என்று தேடியே மூன்று இரவுகள் போயின. போதாக்குறைக்கு, தாங்கியை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கல் மாட்டிய கம்பி முக்காலியின் காலில் இடித்தது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் தொலைநோக்கி வாங்குகிறவர்கள், படம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால், இந்த வகைத் தாங்கியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் தள்ளித் திருப்பும் எளிய பெட்டித் தாங்கியே போதும்.

முதலில் மொட்டை மாடியில்தான் வைத்தேன். அந்த ஆண்டு செப்டம்பரில் சனிக்கோள் முன்னிரவிலேயே கிழக்கில் ஏறியது. வளையம் ஒடுங்கி ஏறக்குறைய ஒரு கோடாகத் தெரியும் காலம். கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்குழலான ஐபீஸ் வழியாகப் பார்த்தால் ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல அது நெளிந்துகொண்டே இருந்தது. கருவியில் பழுது என்று விற்றவர்களுக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசிச் சண்டை போட்டேன். அவர்கள் மீது தவறில்லை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, அந்தச் சூடான காற்று மேலெழும்போது பிம்பம் நெளிகிறது. பிறகு ஒருநாள் கொல்லையில் மண்தரையில் வைத்துப் பார்த்தபோது அதே சனி ஆடாமல் நின்றது. சுற்றிலும் தண்ணீர் கட்டிய சம்பா வயல்கள் இருப்பதால் இரவில் வெப்பம் மெதுவாகவே இறங்குகிறது, காற்றும் அசையாமல் நிற்கிறது. மங்கலான விண்மீன்களைப் பார்க்க இந்தக் காற்று உதவாது. கோள்களைப் பார்க்க நல்லது. ஊரார் மொட்டை மாடிக்கு ஆசைப்படுவார்கள். சிமென்ட் களமும் மாடியைப்போலத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் செப்டம்பரில் அவசரமாக வாங்கியதற்குக் காரணம் ஒரு வால்மீன். சுச்சின்ஷான்–அட்லஸ் வால்மீன் அக்டோபர் நடுவில் மாலை வானில் வெறும் கண்ணுக்கே தெரியும் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 15ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. நான் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்திருந்த மாலைகளில் ஒன்றில்கூட மேகம் விலகவில்லை. ஐப்பசியில் இங்கே அடைமழை என்பது விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அந்த அறிவை வயலோடு நிறுத்திவிட்டு வானத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஜவ்வாது மலையில் 700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 2.34 மீட்டர் ஆடியோடு இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமே பருவமழைக் காலங்களில் பெரும்பாலான இரவுகளை இழக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும் டெல்டாவில் நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இங்கே தொலைநோக்கி வாங்குவதானால் தை பிறந்த பிறகு வாங்குங்கள். தையிலிருந்து சித்திரை வரைதான் நம்பக்கூடிய வானம். ஆடியில் மேல்காற்று புழுதியோடு வரும், பனி இருக்காது என்றாலும் மேகம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையை மறந்துவிடலாம்.

மழை தொடங்கியதும் தொலைநோக்கியை வந்த அட்டைப்பெட்டியிலேயே தெர்மாகோலோடு வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, நெல் மூட்டை அடுக்கியிருக்கும் பின்கட்டு அறையில் பத்திரமாக வைத்தேன். பத்திரம் என்று நான் நினைத்தது அதற்கு நான் செய்த மிகப் பெரிய தீங்கு. நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் அந்த அறையின் சுவர் வியர்த்தது. பொங்கலுக்குப் பிறகு பிரித்தபோது இரண்டு ஐபீஸ்களின் உட்புற வில்லையில் வெள்ளை நூல்போலச் சிலந்திவலைக் கோலத்தில் ஏதோ படர்ந்திருந்தது. தூசி என்று ஊதினேன், போகவில்லை. அது பூஞ்சை. ஈரப்பதம் நீண்ட நாள் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இருட்டறையில் கண்ணாடியின் பூச்சின்மேல் அது வளரும், வளர்ந்து அந்தப் பூச்சையே அரித்துவிடும். இரண்டும் சேர்ந்து 3,600 ரூபாய். பெரிய ஆடி தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

ஆனாலும் மனம் விடவில்லை. 2025 ஜனவரி 29 தை அமாவாசை. அன்று மாலையில் மேற்கே வெள்ளி, அதற்குக் கீழே சனி, தலைக்கு மேலே ரோகிணிக்கு அருகில் வியாழன், கிழக்கே செவ்வாய் என்று வானம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. ஏழு மணிக்கு எல்லாவற்றையும் கொல்லையில் நிறுத்தி முடித்தேன். எட்டரை மணிக்கு மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் கீழே, ஓரியன் என்ற வேடனின் உருவத்தில் தொங்கும் வாளின் நடுவில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பிடித்துவிட்டேன். பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு சிறகு. நடுவில் நான்கு விண்மீன்கள் ஊசி முனைபோல. வாழ்நாளில் முதன்முறை. அம்மாவைக் கூப்பிட உள்ளே போய், அவர் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலையேப்பா, பால்ல விழுந்த மாதிரி இருக்கு” என்றார். நான் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். குழாயைத் தொட்டேன், மேலே நீர் முத்து முத்தாக நின்றது. டார்ச் அடித்துக் குழாயின் வாயிலாகப் பார்த்தால், மேல்முனையில் இருக்கும் சிறிய துணை ஆடி குளித்துவிட்டு வந்த அறையின் கண்ணாடிபோல வெளுத்திருந்தது. அந்தப் பதற்றத்தில் தோளில் கிடந்த துண்டின் நுனியை விரலில் சுற்றி, கையைக் குழாய்க்குள் விட்டு, அந்த ஆடியை அழுத்தித் துடைத்தேன். துடைத்த இரண்டு நிமிடத்தில் மறுபடியும் மூடியது, மறுபடியும் துடைத்தேன். காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது ஆடியில் பிறை பிறையாகக் கீறல்கள் இருந்தன. தொலைநோக்கி ஆடியின் அலுமினியப் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்திலேயே இருக்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பின்பக்கத்தில் இல்லை. துணியும் அதில் ஒட்டிய தூசியும் மணல்தாள் வேலையைச் செய்துவிடும். புதிய துணை ஆடிக்கு 3,200 ரூபாய், வந்து சேர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் மேகமில்லாத வானம். ஒவ்வொரு இரவும் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். யாரிடமும் சொல்லிப் புலம்பக்கூட இல்லை. “இவ்வளவு காசு போட்டு இது எதுக்கு” என்று தொடக்கத்திலேயே கேட்ட அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று வீட்டில் கேட்டே வளர்ந்தவன், அந்தப் பனி எப்படி விழுகிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பனி மேலிருந்து விழுவதில்லை. திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் நீராக மாறும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். பொருள் அதற்குக் கீழே குளிர்ந்ததும் நீர் கோத்துக்கொள்கிறது. வானிலைச் செயலிகளில் வெப்பநிலையோடு இந்தப் பனிப்புள்ளியும் இருக்கும். மாலை ஏழு மணிக்கு இரண்டுக்கும் நாலைந்து பாகை இடைவெளி இருந்தால் எனக்கு ஒன்பது, ஒன்பதரை மணி வரை நேரம் கிடைக்கிறது. இடைவெளி மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் கருவியை வெளியே எடுப்பதில்லை, வெறும் கண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன். லேசான வாடைக்காற்று அடித்தால் பனி தாமதமாகும். குழாயின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வாயில் ஒரு கவசம் நீட்டிக்கொள்வது அவசியம். நான் ஒரு கறுப்பு யோகா விரிப்பை வெட்டிச் சுருட்டி மாட்டியிருக்கிறேன். அதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும். அதையும் மீறிப் பனி பிடித்தால் தொடவே கூடாது. முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளி வைத்துக் காட்டினால் சில நிமிடத்தில் தெளியும். குளிர்சாதன அறையில் இருந்த ஐபீஸை நேரே வெளியே கொண்டுவந்தால் அந்தக் கணமே மூடிக்கொள்ளும், ஆகவே அரை மணி முன்பே பெட்டியோடு வெளியே வைத்துவிட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பார்க்கலாம் என்று அறிவுரை சொல்லும் புத்தகங்கள் வறண்ட ஊர்க்காரர்களுக்கு எழுதப்பட்டவை. இங்கே அந்த நேரத்தில் வயலில் முழங்கால் அளவுக்கு மூடுபனி நிற்கும். டெல்டாவின் நேரம் அந்தி மங்கியதிலிருந்து பத்து மணி வரை, மற்றது போனஸ்.

இருட்டும் நான் நினைத்த அளவுக்கு இல்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் புதிதாகப் போட்ட வெள்ளை எல்இடி தெருவிளக்கு ஒன்று, தெருவைவிட எங்கள் கொல்லையைத்தான் அக்கறையாகக் காட்டுகிறது. அதற்கு ஒரு மறைப்புத் தகடு போடச் சொல்லி மனு எழுதிக் கொடுத்து, நான்கு முறை நடந்து, வாங்கி வைத்துக்கொண்டவர்களின் சிரிப்பைத்தான் பெற்றேன். விளக்கே எரியவில்லை என்று மனு கொடுப்பவர்களுக்கு நடுவே எரியும் விளக்கை மறைக்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கடைசியில் மூங்கில் சட்டத்தில் தென்னங்கீற்று வேய்ந்து ஆறடி உயரத்துக்கு இரண்டு தட்டிகள் செய்து, விளக்கின் பக்கம் மட்டும் நிறுத்திக்கொண்டேன். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒரு விநாடி விளக்கைப் பார்த்தாலும் அத்தனையும் வீண். அந்த ஒரு விநாடியைத் தட்டி தடுக்கிறது. முதலில் நான்கு பக்கமும் அடைத்துவிட்டேன். காற்று நின்று பனி முன்னைவிடச் சீக்கிரம் பிடித்தது. தேய்பிறை, வளர்பிறைக்கு எந்தச் செயலியும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி இருக்கிறது. தேய்பிறை பஞ்சமியிலிருந்து அமாவாசை தாண்டி மூன்று நாள் வரை முன்னிரவு நமக்கு.

மாசியில் அறுவடை வந்தபோது வேறொரு தொல்லை. அறுப்பு மெஷின் இரவிலும் விளக்கோடு ஓடும், அது கிளப்பும் தூசி அடங்க மறுநாள் ஆகும். வயலில் நெல்தாள் கொளுத்தினால் அந்தப் பக்கத்து வானம் இரண்டு நாளுக்குப் பழுப்பு. இவற்றையெல்லாம்விட, எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்காக அந்தியில் போடும் வேப்பிலை மூட்டம், காற்றில்லாத இரவில் ஆளுயரத்துக்குப் படுத்துக்கொண்டு கொல்லை முழுவதும் பரவும். மாட்டைக் கொசு கடிக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மூட்டத்தைச் சற்று முன்னதாகவே போட்டு, எட்டு மணிக்குள் அணைத்துவிடுவது என்று அம்மாவோடு உடன்பாடு செய்துகொண்டேன்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நான் செய்தது நேர்மையாகாது. வைக்கோல் போருக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, கடித்தது தெரியாமலே போகக்கூடியது. இருட்டுப் பழகிய கண்ணைக் காப்பாற்றச் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சிவப்பு விளக்கில் கட்டுவிரியனுக்கும் அறுந்த கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. நடக்கும்போது வெள்ளை டார்ச்சை அடித்தே நடக்கிறேன், முழங்கால் வரை பூட்ஸ் போடுகிறேன், பாய் விரித்துப் படுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறேன். கருவியை மூடிய துணியை எடுக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுகிறேன். அரை மணி நேர இருட்டுப் பழக்கம் திரும்பக் கிடைக்கும்.

பங்குனியில் புதிய துணை ஆடி வந்ததும், ஈக்வடோரியல் தாங்கியைப் பரணில் ஏற்றிவிட்டு ஊரிலுள்ள தச்சரிடம் போனேன். 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்சன் என்பவர் பரவலாக்கிய பெட்டித் தாங்கியின் படத்தைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பீரங்கி வைக்கிற வண்டி மாதிரி இருக்கு தம்பி, செஞ்சுடலாம்” என்றார். ஒட்டுப்பலகையில் பெட்டியும், அடியில் சுழலும் வட்டமும் செய்து, வட்டத்தின்மேல் மிச்சம் கிடந்த சன்மைக்காவை ஒட்டி, அது மூன்று டெஃப்ளான் துண்டுகளின்மேல் வழுக்குமாறு அமைத்தார். ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. கூலியும் பலகையும் சேர்த்து 4,200 ரூபாய். கடையில் வாங்கிய தாங்கி மூன்று மாதம் செய்யாததை அது முதல் இரவிலேயே செய்தது.

ஏப்ரல் 26, அமாவாசைக்கு முந்தைய இரவு, தெற்கே பார்த்தேன். எங்களுக்குத் தெற்கே முத்துப்பேட்டை, அதற்கப்பால் பாக் நீரிணை. பெருநகர வெளிச்சம் எதுவும் இல்லை. வடக்கில் துருவ விண்மீனைப் பறித்த அதே அட்சரேகை தெற்கில் அள்ளிக் கொடுக்கிறது. பத்தரை மணிக்குத் தென்சிலுவை வயலுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. பதினொன்றே கால் மணிக்கு ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து உச்சிக்கு வந்தது. இங்கே அது 32 பாகை உயரம், டெல்லியில் அதில் பாதிகூட இல்லை. வெறும் கண்ணுக்கு மங்கிய ஒரு புள்ளியாக இருந்தது, ஐபீஸில் தட்டில் கொட்டிய ரவைபோல விரிந்தது. ஓரங்களில் தனித்தனி மணிகள், நடுவில் குவியல். 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் சுமார் ஒரு கோடி விண்மீன்கள். இம்முறை அம்மாவை முன்பே எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அப்பாவும் வந்து பார்த்தார். எவ்வளவு செலவாயிற்று என்று கேட்கவில்லை.

இப்போது மழைக்காலத்தில் ஐபீஸ்களும் துணை ஆடியும் காற்றுப் புகாத ஓர் அரிசி டிரம்முக்குள் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மின்விசிறிக்கு அடியில் நன்றாக உலர்ந்த பிறகே உள்ளே போகின்றன. குழாயை மட்டும் இரண்டு வாய்க்கும் பருத்தித் துணி கட்டி, காற்றோட்டமுள்ள கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். நீல நிறச் சிலிக்கா ஈரம் குடித்தால் வெளிர்சிவப்பாக மாறும். அதில் கோபால்ட் உப்பு இருப்பதால் உடலுக்குக் கேடு, சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்கினேன், அதற்கென்று ஒரு பழைய இரும்புச் சட்டியும் ஒதுக்கினேன். டிரம்மைத் திறந்து பார்த்தபோது அடியில் கிடந்த மணிகள் பச்சையாகத் தொடங்கியிருந்தன. மழை சற்று விட்டதும் கொல்லையில் கல் கூட்டி அவற்றை வறுத்தெடுக்க வேண்டும்.